நான் கையெழுத்துப் போட்ட மெமோ

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர் முதலில் கேட்டது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி. எனக்கு அதில் பெரிய அனுபவம் இல்லை என்றேன். "பின்ன என்ன கேஸும்மா நடத்துறீங்க?" என்றார். குடும்ப வழக்கு என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "சரிம்மா, அதையே பேசுங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கிறார். ஆனால் அந்தக் கொஞ்ச நேர மௌனம் நம்ம இயக்கத்துக்குள் ரொம்ப நாளாய் இருக்கிற மௌனம்.

வீடு கொளுத்துவது, கொலை, பஞ்சமி நிலம், கோயில் நுழைவு இதெல்லாம் அரசியல். புருசன் பொண்டாட்டி சண்டை, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருக்கணும் இதெல்லாம் வீட்டு விவகாரம். நானும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர் அகமணத்தில் இருப்பதை எடுத்து வைக்கிறார். நாம் எல்லா மேடையிலும் அதைச் சொல்கிறோம். ஆனால் அகமணம் என்பது தாலி கட்டுவதோடு முடிந்துபோகிற சங்கதியா? பிறக்கிற குழந்தை யாருடையது, எந்தத் தெருவில் வளரணும், பேருக்கு முன்னால் யார் எழுத்தைப் போடணும், யார் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் அது போகலாம் என்பதில்தான் சாதி ஒவ்வொரு தலைமுறைக்கும் கைமாறுகிறது. அந்தக் கைமாற்றம் வீட்டில் நடக்கிறது. வீட்டில் நடக்காமல் சிக்கிக்கொண்டால் எங்கள் கோர்ட் வராந்தாவுக்கு வருகிறது. நான் அந்த வராந்தாவில் இருபத்தெட்டு வருஷமாய் நிற்கிறவள்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கரும்பு வெட்டப் போனவர். எங்கள் தெருவில் சட்டம் படித்த முதல் ஆள் நான். ஒரு சீனியரிடம் சேர்ந்தேன், பேர் வேண்டாம். அவருக்கு வீட்டு முன்கட்டில்தான் ஆபீஸ். மற்ற ஜூனியர்கள் காபி குடிக்க உள்கட்டுக்குப் போவார்கள், எனக்குக் காபி வெளியில் வரும். நல்ல காபிதான். சொத்து வழக்குக் கட்டுகளை என்னிடம் கொடுக்க மாட்டார். பீஸ் வராத கட்டுகள் என்னிடம் வரும். பீஸ் வராத கட்டு என்றால் என்ன? ஜீவனாம்சம் கேட்டு வருகிற பொம்பளைங்க கட்டு. என் தொழில் நான் தேர்ந்தெடுத்தது இல்லை தோழர்களே. ஒதுக்கப்பட்டதுதான். பிறகுதான் அதை என்னுடையதாக ஆக்கிக்கொண்டேன்.

முதல் வழக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. செங்கல் சூளையில் வேலை பார்க்கிற பெண், இரண்டு பிள்ளைகள். புருசன் வேறொருத்தியோடு போய்விட்டான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125வது பிரிவில் மனு. அப்போது அந்தப் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது என்று உச்சவரம்பு இருந்தது. 2001இல்தான் அதை எடுத்தார்கள். மாஜிஸ்திரேட் பிள்ளைக்கு 150 ரூபாய் வீதம் போட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நான் துள்ளிக் குதித்தேன். அவன் ஒரு மாசம்கூடக் கொடுக்கவில்லை. பாக்கியை வசூலிக்க மனுப் போட்டேன், வாரண்டு போச்சு, பிடித்து வந்து உள்ளே வைத்தார்கள். கொடுக்காத ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரை உள்ளே வைக்கலாம், சட்டம் அப்படி. இரண்டாவது வாரம் அந்தப் பெண் என் முன்னால் வந்து நிற்கிறாள். "அவர வெளிய விடச் சொல்லுங்கம்மா. உள்ள கெடந்தா எங்கேர்ந்து சம்பாதிச்சுக் குடுப்பாரு? நானே போயி பீடி வாங்கிக் குடுத்துட்டு வர வேண்டியிருக்கு." கையில் சின்னப் பிள்ளை. அதுக்குக் காய்ச்சல்.

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனசில் இருந்த புருசன் மாதச் சம்பளக்காரன். அவன் சம்பளத்தை ஜப்தி பண்ணலாம். சூளைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற சனங்களுக்கு எதை ஜப்தி பண்ணுவது? நம்ம பொம்பளைங்க ஜெயித்த உத்தரவுகள் நிறைய டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. ரேஷன் கார்டோடு, மடித்து.

சட்டம் அப்படியே நிற்கவும் இல்லை, அதையும் சொல்லணும். இடைக்கால ஜீவனாம்சத்தை நோட்டீஸ் சார்பு ஆன அறுபது நாளில் முடிக்கப் பார்க்கணும் என்று 2001 திருத்தத்தில் வந்தது. 2020இல் உச்சநீதிமன்றம் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் பண்ணணும், மனுப் போட்ட தேதியிலிருந்தே பணம் கொடுக்கணும் என்று சொன்னது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய 125க்குப் பதிலாகப் புதுச் சட்டத்தில் 144வது பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கிறது, சங்கதி ஏறக்குறைய அதேதான். சட்டம் படிக்கிற மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள், ஒன்று மட்டும் சொல்கிறேன். "எனக்கு வருமானமே இல்லை" என்று கொத்தனார் பிரமாணப் பத்திரம் போடுவார். வண்டியின் ஆர்.சி. புக், சீட்டுக் கட்டின நோட்டு, மேஸ்திரியின் கூலிக் கணக்கு இதையெல்லாம் தேடிப் போங்கள். அந்தப் பொம்பளைக்கு எல்லாம் தெரியும். கேட்டால்தான் சொல்லும். நாம் கேட்பதில்லை.

இன்னொன்று, அந்தப் பிரிவில் கல்யாணம் நடந்ததா என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்க முடியாது. முறையாகப் பிறந்த பிள்ளையோ முறையில்லாமல் பிறந்த பிள்ளையோ, தகப்பன் சோறு போடணும். ஊர்த்தெருக்காரன் ஒருவனின் நிலத்தில் களையெடுக்கப் போன பெண். பிள்ளை பிறந்தது. ஊருக்கே தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். பத்தாயிரம் தருகிறேன், விட்டுவிடு என்று ஆள் அனுப்பினான். அவள் என்னிடம் சொன்னாள்: "எனக்குக் காசு வேணாம்மா. கோர்ட்டுல அவன் பேரச் சொல்லிக் கூப்புடுவாங்கல்ல, அது போதும்." டவாலி அவன் பேரை மூன்று தரம் கூப்பிட்டான். அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்கணும். மாசம் ஆயிரத்து ஐந்நூறுக்கு உத்தரவானது. ஆனால் அவளுக்கு வழக்கு அந்த மூன்று கூப்பாட்டிலேயே முடிந்துவிட்டது. இதை அரசியல் இல்லை என்று யார் சொல்வது?

சரி. நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருந்தது அதைத் தள்ளிப்போடத்தான்.

2009. எங்கள் ஊரில் அப்போது குடும்ப நீதிமன்றம் கிடையாது. விவாகரத்து சப் கோர்ட்டில், பிள்ளைக்கு கார்டியன் மனு என்றால் மாவட்ட கோர்ட்டில், ஜீவனாம்சம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். ஒரு குடும்பத்துக்கு மூன்று கோர்ட். ஒரு பையன் என்னிடம் வந்தார். நம்ம பையன். கல்லூரியில் கூடப் படித்த ஊர்த்தெருப் பெண்ணைக் காதலித்து, சுயமரியாதைத் திருமணம். இந்துத் திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவில் அது செல்லும். (வக்கீல் ஆபீசில் வைத்து நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டால் செல்லாது என்று இடையில் உயர்நீதிமன்றம் சொன்னது. 2023இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கே தேவைப்படலாம்.) இரண்டு பேரும் வெளியூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு இரண்டு வயசு ஆகும்போது அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வருகிறது. பார்க்கப் போனவள் திரும்பவில்லை. ஒரு மாசம் கழித்து ஒரு கார் வந்தது. குழந்தையை மட்டும் இவர் அம்மா வீட்டு வாசலில், காலனியில், இறக்கிவிட்டுப் போனார்கள். மாற்றுத் துணி இரண்டு, ஒரு பால் பாட்டில்.

மகள் வேணும் அவங்களுக்கு. மகள் பெத்தது வேணாம். அது காலனிக் குழந்தை.

இவருக்கு அவளோடு வாழணும் என்று ஆசைதான். ஆனால் பயம். ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்றேன். வேணாம்மா, அவளைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால் என்ன சொல்வாளோ, அதைக் கேட்டுட்டு நான் உசிரோட இருக்க மாட்டேன் என்றார். அப்போது எனக்கு அது கோழைத்தனமாகத் தெரிந்தது. 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம் காலனி எரிந்ததையும், உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு நடந்து, 2013 ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தின் ஓரத்தில் கிடந்ததையும் பார்த்த பிறகு, அவர் சொன்ன வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

கடைசியில் எதிர்த்தரப்பிலிருந்து சமாதானம் பேச வந்தார்கள். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து, 13-பி. குழந்தை தகப்பனிடமே இருக்கும். பணம் காசு பேச்சு இல்லை. கூட்டு மெமோவை அவர்கள் வக்கீல்தான் எழுதிக்கொண்டுவந்தார். அதில் ஒரு வரி எல்லா மெமோவிலும் வருகிற வரி. இனிமேல் ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் எவ்விதத்திலும் குறுக்கிடுவதில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். நான் அதைப் படித்தேன். குழந்தையைத் தாய் எப்போது பார்க்கலாம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அதையும் கவனித்தேன். கவனிக்காமல் இல்லை.

சட்டம் எனக்குத் தெரியாதா? 1956ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 6வது பிரிவு, ஐந்து வயசு முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கணும். 13வது பிரிவு, எல்லாவற்றுக்கும் மேல் குழந்தையின் நலன். 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கு, சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து உச்சநீதிமன்றத்துக்குப் போனது, குழந்தைகள் பெற்றோருக்கு உடைமையும் இல்லை, விளையாட்டுச் சாமானும் இல்லை என்கிறது. எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தக் கட்டில் நான் தகப்பனுக்கு வக்காலத்துப் போட்டவள். தாய்க்கு ஒரு வக்கீல். குழந்தைக்கு யார்?

மனுப் போட்டு ஆறு மாசம் காத்திருந்து திரும்ப வரணும், அப்போது அதுதான் விதி. இரண்டாவது தடவை வரும்போது குழந்தைக்கு மூன்று வயசு நெருங்கிவிட்டது. வராந்தாவில் ஆயா இடுப்பில் இருக்கிறது. அந்தப் பக்கத் தூணோரம் தாய். அவளைச் சுற்றி அண்ணன், சித்தப்பா, மாமா என்று ஏழெட்டு வேட்டி. குழந்தை பார்த்துவிட்டது. கத்தவில்லை. கையை மட்டும் நீட்டியது. நீட்டின கை அப்படியே இருந்தது. அந்தப் பெண் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயா குழந்தையின் முகத்தைத் திருப்பித் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. நான் பத்தடி தூரத்தில் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

உள்ளே நீதிபதி கேட்டார், இஷ்டப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கியாம்மா? தலையை ஆட்டினாள். குழந்தை தகப்பனிடம் இருக்கச் சம்மதமா? தலையை ஆட்டினாள். ஐந்து நிமிஷம். உத்தரவு.

வெளியில் வந்ததும் நம்ம தோழர்கள் தோளைத் தட்டினார்கள். "நம்ம புள்ள நம்மகிட்ட வந்துருச்சு." நானும் சிரித்தேன். அன்றைக்கு உண்மையிலேயே ஜெயித்த மாதிரிதான் இருந்தது. யோசித்துப் பாருங்கள், அவர்கள் கேட்டதும் அதுதான், நாம் கேட்டதும் அதுதான். சாதி இந்துக் குடும்பம் குழந்தையைத் தன்னிடமிருந்து துப்புரவாகத் துடைக்கணும் என்று நினைத்தது. நாம் அதை வெற்றி என்று வாங்கிக்கொண்டோம். அந்தப் பெண்ணை வேட்டிகள் இல்லாத ஓர் அறையில் உட்கார வைத்து, உனக்கு என்னம்மா வேணும் என்று யாரும் கேட்கவில்லை. நீதிபதியை சேம்பரில் தனியாக விசாரிக்கச் சொல்லி நான் ஒரு மனுப் போட்டிருக்கலாம். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். எழுதினால் அவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள், கேஸ் இழுக்கும் என்று விட்டுவிட்டேன். என் கட்சிக்காரர் ஜெயிக்கணும், அதுதான் தொழில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழந்தைக்காகப் பேச யார் என்கிற கேள்வி இங்கே சட்டத்திலேயே சரியாக அடைபடவில்லை. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் வந்தது, 1992 டிசம்பரில் இந்தியா சேர்ந்தது. தன்னைப் பாதிக்கிற எந்த நடவடிக்கையிலும் குழந்தை சொல்வதைக் கேட்கணும் என்கிறது அதன் 12வது பிரிவு. இங்கிலாந்தில் 2001லிருந்து இதற்கென்றே அரசு அமைப்பு ஒன்று குழந்தையைப் பார்த்துப் பேசி நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறது. நமக்கு இருப்பது 1890ஆம் வருஷத்துக் காப்பாளர்கள் மற்றும் காப்பிலிருப்போர் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது. விவரம் தெரிந்து சொல்கிற வயசு குழந்தைக்கு இருந்தால் அதன் விருப்பத்தையும் கவனிக்கலாம் என்று அதன் 17வது பிரிவில் ஒரு வரி. கவனிக்கலாம், அவ்வளவுதான். 1984ஆம் வருஷக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் வேண்டுமானால் நிபுணர்களின் உதவியை நீதிமன்றம் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சட்டப்படி வக்கீல் வைத்துக்கொள்வதேகூட உரிமை இல்லை, நீதிமன்றம் அனுமதிக்கணும். நடைமுறையில் அனுமதித்துவிடுகிறார்கள், பெரியவர்களுக்கு.

அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக 1951இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்தார். பிறகு 1955இலும் 56இலும் அதைத் துண்டு துண்டாக நாலு சட்டமாக்கினார்கள். அதில் ஒன்றுதான் இந்தக் காப்பாளர் சட்டம். தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகு தாய் என்று அதில் எழுதி வைத்தார்கள். தன் மகனுக்குக் கடன் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு எழுதின கீதா ஹரிஹரனைத் தகப்பன் கையெழுத்து வேணும் என்று திருப்பி அனுப்பினார்கள். 1999இல் உச்சநீதிமன்றம், அவருக்குப் பிறகு என்றால் அவர் செத்த பிறகு என்று அர்த்தமில்லை, அவர் கவனிக்காத போதும் என்று அர்த்தம் பண்ணியது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த வார்த்தை சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. புருசன் விட்டுப்போன நம்ம பொம்பளை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் இன்றைக்கும் முதல் கேள்வி, அப்பா வரலையா?

அந்த வழக்குக்குப் பிறகு நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பிள்ளை யாரிடம் என்ற வழக்கில் வக்காலத்து வாங்கும்போதே கட்சிக்காரரிடம் சொல்ல ஆரம்பித்தேன், குழந்தையை நான் ஒரு தடவை தனியாகப் பார்ப்பேன், சம்மதமா? நிறையப் பேர் வேறு வக்கீலைத் தேடிப் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டேன். பார்க்கும் உரிமை பற்றி வரி இல்லாத எந்த மெமோவிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. தகப்பன் குடிகாரன், அடிப்பவன் என்றால் அது வேறு. அங்கே பார்க்கக் கூடாது என்பதற்கும் ஒரு வரி இருக்கணும், காரணத்தோடு.

'நலன்' என்கிற வார்த்தையைப் பற்றியும் சொல்லணும். சட்டத்தில் வயசு, பால், மதம், காப்பாளரின் குணம், தகுதி, உறவின் நெருக்கம் என்று இருக்கிறது. சாதி இல்லை. அது 'சூழ்நிலை' என்ற பேரில் உள்ளே வரும். தாய் நம்ம சாதி, தகப்பன் வேறு சாதி, தகப்பன் இறந்துவிட்டார். குழந்தை எங்களுக்குத்தான் வேணும் என்று தாத்தா மனுப் போட்டார். வேணும் என்று சொல்கிறவர்களும் உண்டு, சொத்துக்கு வாரிசு வேணுமே. மாடி வீடு, இங்கிலீஷ் மீடியம், கார். தாய் இருப்பது காலனியில், அங்கே குழந்தையின் எதிர்காலத்துக்கு ஏற்ற சூழ்நிலை இல்லை என்று எழுதியிருந்தார்கள். குறுக்கு விசாரணையில் நான் தாத்தாவிடம் கேட்டேன். "உங்க தெருவுல எத்தன வீடு?" நாற்பது இருக்கும் என்றார். "இந்தப் பையன் தாகம்னு கேட்டா எத்தன வீட்டுல உள்ள கூப்பிட்டுத் தண்ணி குடுப்பாங்க?" எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி பதில் சொல்லச் சொன்னார். பெரியவர் பதில் சொல்லவில்லை. ரொம்ப நேரம் சொல்லவில்லை. அப்புறம், "எங்க வீட்டுல குடுப்போம்" என்றார். அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. குழந்தை தாயிடம் இருந்தது. லீவு நாளில் தாத்தாவிடம் போகலாம் என்று நானே கேட்டு எழுத வைத்தேன். இதற்காக நம்ம ஆட்கள் சிலர் என்னோடு பேசுவதில்லை.

இன்னும் ஒன்று சொன்னால் இன்னும் சிலர் பேச மாட்டீர்கள். பதினேழு வயசுப் பெண்ணோடு நம்ம பத்தொன்பது வயசுப் பையன் ஓடிப்போனால் 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டத்தைச் சாதிக்காரர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மேடையில் பேசுகிறோம். சரியான பேச்சு. 2021இல் உயர்நீதிமன்றமே இப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்துப் பண்ணியது. ஆனால் அந்தப் பதினேழு வயசுப் பெண்ணும் குழந்தைதானே, அவளுக்குப் பிறந்த பிள்ளையும் குழந்தைதானே, அந்த இரண்டு பேரும் எங்கே என்று எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறோமா? பையனுக்கு ஜாமீன் எடுத்ததும் நம்ம வேலை முடிந்துவிடுகிறது. அதேபோல, பெண் விடுதலை பற்றி மைக் பிடித்து ஒரு மணி நேரம் பேசுகிற தோழர் ஒருவர் தன் பிள்ளைகளுக்குப் பதினாலு மாச ஜீவனாம்சம் பாக்கி. நான்தான் வாரண்டு வாங்கினேன். பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். சாதி ஒழிப்பு பேசுகிறவன் வீட்டுக்குள்ளும் ஒரு அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது, அதற்குச் சாப்பாடு போடுவது பொம்பளையும் பிள்ளையும்தான்.

2024 மே மாசம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த சமயம். ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். சாதிச் சான்றிதழில் ஒரு சந்தேகம் என்றாள். எங்கப்பா எஸ்.சி., அம்மா வேற, எனக்கு ரெண்டு சாதியும் உண்டா? தமிழ்நாட்டில் 1975லிருந்தே அரசாணை இருக்கிறது, கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை தாய் தகப்பன் இரண்டு பேரில் ஒருவர் சாதியை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அதான் தெரியுமே என்றாள். சான்றிதழும் கையிலேயே வைத்திருந்தாள், தாசில்தார் கொடுத்தது, எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஏன் வந்தாள் என்று நான் யோசிக்கிறபோதே அவள் சொன்னாள், அப்பா போன வருஷம் இறந்துட்டார், அவர் பெட்டியில் உங்க பேர் போட்ட கவர் இருந்துச்சு.

எனக்குப் புரிந்துவிட்டது. நீட்டின கை ஞாபகம் வந்தது.

"எங்கம்மா என்னை வேணாம்னு சொன்னாங்களா?"

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன் தோழர்களே. ஊர் பேர் இல்லாமல் பேசுங்கள் என்றாள்.

வாயால் சொல்லவில்லைம்மா, தலையை ஆட்டினாங்க என்றேன். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள் என்றேன். யாரும் தனியாகக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது. பழைய கட்டுகளை நான் எடைக்குப் போடுவதில்லை. பரண் மேலிருந்து குமாஸ்தா எடுத்துக் கொடுத்தார். தூசி தட்டி மெமோ நகலைப் பிரித்துக் கொடுத்தேன். அம்மா கையெழுத்து எதுன்னு கேட்டாள். காட்டினேன். இங்கிலீஷில், அழகாக, படிக்கிற பெண் போடுகிற கையெழுத்து. அவள் அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் காகிதத்தைத் திருப்பி என் பக்கமாக வைத்துக் கேட்டாள், "இதுல உங்க கையெழுத்து எது?"

காட்டினேன்.

அதுக்கப்புறம் நாங்கள் பேசினதை இங்கே பேச அவள் அனுமதி கொடுக்கவில்லை. நேரமும் ஆகிவிட்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.